வரிசையில் நின்ற எட்டாவது ஆள்

பொத்துவில் ஆட்களுக்கு சீனிமுகம்மதுவிடம் ஒரு குறை உண்டு. காட்டுக்குள் பழைய கட்டடம் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன், மத்தியான லுஹர் தொழுகை நேரம் வந்தால் மற்றவர்களை வரிசையாக நிற்க வைத்துத் தொழச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பிய பிறகுதான் ஒரு மூலையில் தனியாகத் தொழுகிறான். "ஜமாஅத்தாச் சேர்ந்து தொழுறதை விட்டுப்போட்டு இதென்ன புது மார்க்கம்?" என்று பள்ளி வாசலில் வைத்தே கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவன் வாதாட மாட்டான். "ஓம், நான் அப்படித்தான்" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவான்.

அந்தப் பழக்கம் அவனுக்கு ஒரே நாளில் வந்தது.

பிறப்பில் அவன் கல்முனைக்குடியான். இந்தக் கரையில் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகவேண்டும். அப்படி எழுபத்தோராம் ஆண்டு றபீக்காவைக் கலியாணம் முடித்துப் பொத்துவிலுக்கு வந்து சேர்ந்தான். வயல் இல்லை, தோணி இல்லை. மச்சான்மாரோடு கரைவலைக்குப் போனான். தோணியில் ஏறிய முதல் நாளே குடல் வெளியே வருமட்டும் சத்தி எடுத்தான். வயல் வட்டையில் பன்றிக்குக் காவல் இருந்தான். பன்றி வந்தது, இவன் நித்திரை. "கல்முனையிலயிருந்து எங்களுக்கு நல்ல மாப்பிள்ளை ஒண்டு கொண்டுவந்தோம்" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வதுண்டு.

எழுபத்தாறில் மேற்கே காட்டுக்குள் பழைய தூண்களைச் சுற்றிக் காடு வெட்ட ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். நாட்கூலி. இவன் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். அங்கேதான் இவனுடைய கை எதற்குப் படைக்கப்பட்டதென்று தெரிந்தது. ஓவசியர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். மண்ணைக் கிளறி ஒரு கல்லைத் துடைத்தால் அதன் கதையை அங்கேயே குந்தியிருந்து சொல்வார். சீனிமுகம்மது நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் காதால் கேட்டதை விட மாட்டான். இரண்டு வருடத்தில் எல்லாம் மனப்பாடம். அதற்கு மறுகா காசு முடிந்தது என்று கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு எல்லாரும் போனார்கள். கல்லும் இவனும் மிஞ்சினார்கள்.

அந்த நேரம்தான் அறுகம் குடாவில் வெள்ளைக்காரப் பொடியன்மார் பலகையில் அலை ஓடத் தொடங்கியிருந்தார்கள். கடல் சும்மா கிடக்கிற நாளில் அவர்களுக்குப் பொழுது போகாது. ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அடுத்த நாள் நாலு பேர் வந்தார்கள். முப்பது இங்கிலீசுச் சொல்லையும் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஓர் அரசனின் முழுச் சரித்திரத்தையும் சொல்லிவிடுவான். பிறகு அம்பாறை, அக்கரைப்பற்று, கல்முனை என்று நம்முடைய ஆட்களும் வேன் பிடித்து வரத் தொடங்கினார்கள். ஊரில் "கல்முனையான்" என்ற பெயர் மறைந்து "கல்காட்டி" என்ற பெயர் நின்றது.

அவனுடைய வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பார்க்க ஏழு இடம். காலை பத்து மணிக்கு உள்ளே இறங்கினால் வளைந்து போய் இரண்டரைக்குக் குளக்கட்டில் ஏறிவிட வேண்டும். வேன் அங்கே நிற்கும். நாலு மணிக்கு மேல் குளம் யானைகளுக்குச் சொந்தம். காட்டை விட்டுக் குளத்தோரத்துப் பன்புல் தின்ன இறங்கும். ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணுவான். ஒன்றுக்குப் போவதென்றாலும் தனியாகப் போகக்கூடாது. "கல்லைப் பார்க்க வந்தவன் கல்லைப் பார்க்கணும், என்னையும் பார்க்கணும். மூணாவது ஒண்டைப் பார்க்கப் போகக்கூடாது" என்பான். மூன்று வருடத்தில் ஒரு ஆளையும் அவன் தொலைத்ததில்லை.

எண்பத்தோராம் ஆண்டு, செப்டம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்முனைக் கந்தோர் ஒன்றிலிருந்து ஒன்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். தலைவர் மாதிரி முன்னுக்கு வந்தவர் மீராசாஹிபு, கந்தோரில் பெரிய கிளாக்கர், வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார். அடுத்தது கனகரெத்தினம், பாண்டிருப்பு ஆள், ஐம்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காதவர். மற்ற ஏழு பேரும் இளந்தாரிகள். அதில் றஸாக் என்பவன் மீராசாஹிபுவின் மகள் றாஹிலாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் கலியாணம். வெள்ளைச் சேட்டு, களிசான், மினுக்கின சப்பாத்து, கையில் மாமனார் கொடுத்த புது மணிக்கூடு. அவனுடைய கூட்டாளி ஜவுபர். இரண்டு பேரும் வேனுக்குள் ஏதோ கொழுவிக்கொண்டு வந்தவர்கள். இறங்கிய பிறகு ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை.

"நீ எந்த ஊர், தம்பி? கதை எங்கட பக்கத்துக் கதையாக் கிடக்கு" என்றார் மீராசாஹிபு.

"கல்முனைக்குடிதான் ஹாஜியார்."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல."

"போவீங்க. குடையைப் பார்த்தாத் தெரியுது."

சிரித்தார்கள். நடை நல்லபடி தொடங்கியது. மாளிகை வாசலில் நின்று சீனிமுகம்மது தன் தடியால் தட்டினான். "இது அரசன் இரண்டாவது பொண்டாட்டிக்குக் கட்டின மாளிகை."

"அப்ப முதலாவதுக்கு?" என்றான் ஒருவன்.

"அவவுக்கு அரசன்ட காது. நாள் முழுக்க அதுக்குள்ளதான் இருந்தா."

"உங்களுக்கு எத்தனை, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டான் அவன்.

"ஒண்டு. அதுவே காதுக்குள்ள இரிக்கி."

ஐந்தாவது இடம் கல்லில் குடைந்த கேணி. படி இறங்கினால் முழங்கால் தண்ணீர், கோடையிலும் வற்றாது. நேரம் பன்னிரண்டரை. தொழுகிறவர்கள் எல்லாரும் அங்கேயே கை, கால், முகம் கழுவி ஒளு எடுத்தார்கள். தொழுவதற்கு அதைவிடத் தோதான இடம் ஆறாவது, தூண் மண்டபம். கல் பாவிய தரை, மரநிழல். கேணியிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம்.

மீராசாஹிபு முன்னால் நின்று தொழுவித்தார். கனகரெத்தினம் பைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார். பின்னால் வரிசையில் சீனிமுகம்மதுவோடு சேர்த்து எட்டுப் பேர் நிற்கவேண்டும். தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு தோளோடு தோள், காலோடு கால் முட்ட நின்றார்கள்.

இனித்தான் அவன் செய்த பிழை. தொழுகிறவன் நெற்றி வைத்துச் சுஜூது செய்யும் இடத்தைத்தான் பார்க்கவேண்டும். சீனிமுகம்மதுவுக்கு அன்று மனம் அதில் நிற்கவில்லை. காலையில் வேன் பிந்தித்தான் வந்தது, நடையும் பிந்திவிட்டது. எழும்பி நின்று தலை எண்ணி நேரம் போக்காமல், தொழுகை முடிவில் இரண்டு பக்கமும் முகம் திருப்பி ஸலாம் கொடுக்கும்போதே எண்ணிவிடலாம் என்று நினைத்தான். வலப்பக்கம் முகத்தைத் திருப்பினான்: நாலு தலை. இடப்பக்கம் திருப்பினான்: மூன்று. தன்னோடு எட்டு. தொழுவித்த இமாம் ஒன்று, மரத்தடியில் ஒன்று. கணக்குச் சரி. துஆவுக்குக் கையை ஏந்திக் கண்ணை மூடினான். ஓதி முடித்து எழும்பியதும் தடியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தான். "கெதியா வாங்க, ஒண்டு பின்னால ஒண்டு!"

ஏழாவது இடத்தில் தலை எண்ண நிற்காமல் காவற்கல்லைக் காட்டிவிட்டுக் குளக்கட்டில் ஏறும்போது மணி இரண்டே முக்கால். வேன்காரன் பாயை விரித்துச் சோற்றுப் பொட்டலங்களை இறக்கினான். கல்முனையிலிருந்து கட்டிவந்த கோழிச் சோறு. ஆளுக்கொன்று எடுத்தார்கள். வேன்காரனும் எடுத்தான், சீனிமுகம்மதுவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். பாயில் ஒரு பொட்டலம் கிடந்தது.

"இது ஆருட?" என்றார் மீராசாஹிபு.

ஒருவரும் கை நீட்டவில்லை.

"மருமகன் எங்க?"

எல்லாரும் பின்னால் பார்த்தார்கள். கட்டு நீளத்துக்கு வெயில் மட்டும்தான் கிடந்தது. சீனிமுகம்மதுவின் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

"ஆர் கடைசியா வந்தது?" என்று கத்தினான்.

"நான்" என்றான் ஒருவன். "எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்ல. றஸாக் முன்னால ஜவுபரோட போறான் எண்டு நினைச்சன்."

"நான் அவனோட கதைக்கிறல்ல!" என்றான் ஜவுபர். "அவன் பின்னுக்கு வாறான் எண்டுதான் நான் முன்னுக்குப் போன."

"தொழுகையில நிண்டாரே! வலப்பக்கம் நாலு பேர், நான் எண்ணினேனே!"

ஜவுபர் வலப்பக்கத்தில் மூன்றாவதாக நின்றவன். அவனுக்கு அடுத்தது கடைசி ஆள். ஜவுபர் தன் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"காக்கா... எனக்குப் பக்கத்தில நிண்ட ஆள்ட காலைத்தான் நான் கண்ட, முகத்தைப் பார்க்கல்ல. நாங்க கதையில்லாத ஆக்கள்தானே. அந்தக் கால் பித்தம் வெடிச்ச கால். விரலுக்கிடையில காய்ஞ்ச சேறு. சாறன் உடுத்த கால். இவன் சப்பாத்துக்காரன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சாறன் மாத்திட்டான் எண்டா நினைக்கிற? நான் என்னண்டு அதை யோசிக்காம நிண்டன்!"

அப்போதுதான் கனகரெத்தினம் வாய் திறந்தார். "தம்பி, நான் மரத்தடியில இருந்து கண்டனான். நீங்க கையைக் கட்டின பிறகு காட்டுக்குள்ளால ஒரு சாறன்காரர் வந்தார். தலைத்துண்டைச் சரி பண்ணிக்கொண்டு கடைசியில போய் நிண்டார். நீங்க கையேந்திக்கொண்டு இருக்கேக்க எழும்பிப் போனார். எருமைக்காரர் எண்டு நினைக்கிறன், மணிச்சத்தம் கேட்டது. உங்கட ஆள், உங்கட தொழுகை. நான் ஆரெண்டு கேக்கிறது சரியில்லத்தானே."

வழியில் போகிற எவனும் வந்து சேரலாம் என்பதுதான் ஜமாஅத்து. அந்த எட்டாவது தலை யாரோ ஓர் எருமைப் பட்டிக்காரனுடையது. றஸாக் தொழுகைக்கு முன்னமே இல்லை. இரண்டே கால் மணித்தியாலமாக அவன் காட்டுக்குள் தனியாக நிற்கிறான்.

"மணிக்கூடு" என்றான் இன்னொருவன். "கேணியில ஒளு எடுக்கக் கழட்டிப் படியில வெச்சவன். நான் கண்டன்."

மீராசாஹிபு தலையைக் குனிந்தார். அவர் கொடுத்த மணிக்கூடு. மாமனார் முன்னால் மணிக்கூட்டை விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று பொடியன் நழுவியிருக்கிறான்.

சீனிமுகம்மது தடியை எடுத்தான். ஜவுபர் அவனுடைய கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"காக்கா, ஒரு கதை. அவருக்கு, மாமாவுக்குத் தெரியப்படாது. இவனுக்கு மாலைக்கண். பொழுது சாய்ஞ்சா ஒண்டும் தெரியாது, சுவரைப் பிடிச்சுக்கொண்டுதான் நடப்பான். கலியாணத்துக்கு முந்திச் சொல்லுடா எண்டு வேனுக்க நான் சொன்ன. அதுக்குத்தான் கொழுவின."

சீனிமுகம்மது சூரியனைப் பார்த்தான். யானைக்கு மட்டும் பயந்தவனுக்கு இப்போது வெளிச்சத்துக்கும் பயப்பட வேண்டியதாயிற்று.

"ஒருத்தரும் குளக்கட்டை விட்டு இறங்கப்படாது" என்று சொல்லிவிட்டு இறங்கினான். "வேன் கோனை அடிச்சுக் கூப்பிடாதே, நாசமாப் போவாய், யானையளை வெருட்டிக் காட்டுக்குள்ள திருப்பிவிட்டுடுவாய்" என்று வேன்காரனுக்கும் ஓர் ஏச்சு. பின்னால் காலடிச் சத்தம். கனகரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க நில்லுங்க அண்ணன்."

"நான் கதிர்காமத்துக்கு ஒன்பது தரம் நடந்து போனவன். கண்டும் சொல்லாம இருந்தவனும் நான்தான். நடவுங்க."

மூன்று மணி. மத்தியானம் கதை சொல்லிச் சொல்லி ஒன்றே முக்கால் மணித்தியாலம் நடந்த வழியை முக்கால் மணித்தியாலத்தில் திருப்பி நடந்தார்கள். தூண் மண்டபத்தில் எருமைச் சாணம் கிடந்தது. தங்கள் காலடி ஒன்றையும் காணவில்லை. எருமைகள் அதன் மேலால் போயிருந்தன. திரும்பி வந்த பொடியனுக்குப் பின்தொடர ஓர் அடையாளமும் இருந்திருக்காது.

கேணிக்கு இறங்கினார்கள். படியில் மணிக்கூடு இல்லை. ஈரமண்ணில் சப்பாத்து அடி தெளிவாகக் கிடந்தது. அதன் மேல் இன்னொரு அடி. சுளகு அளவு வட்டம், ஓரம் இடியாமல் புதிதாக. நடுவில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

கனகரெத்தினம் "முருகா" என்று வாய்க்குள் சொன்னார்.

"ஒண்டுதான். தனியன் யானை" என்றான் சீனிமுகம்மது. "பொடியன் போய்க் கனநேரத்துக்குப் பிறகுதான் இது வந்திருக்கு. பாருங்க, சப்பாத்து அடி காய்ஞ்சு போச்சு."

அவன் அதைக் கனகரெத்தினத்துக்குச் சொன்னானோ தனக்கே சொல்லிக்கொண்டானோ. சப்பாத்து அடி கேணியிலிருந்து மண்டபத்துக்குப் போனது. மண்டபத்தைச் சுற்றி இரண்டு தரம் ஓடியிருந்தது. பிறகு எருமைத் தடத்தோடு சேர்ந்து வடக்கே போனது. சீனிமுகம்மதுவுக்கு விளங்கிவிட்டது. தலைத்துண்டு கட்டிய ஒருவன் தூரத்தில் போவதைக் கண்டு நம்முடைய ஆள் என்று பின்னால் ஓடியிருக்கிறான். தன்னுடைய இடத்தில் நின்று தொழுதவனையே பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

பட்டிக்குப் போய்ச் சேர ஐந்து மணியாயிற்று. முள்ளு அடைத்த வேலி, உள்ளே எருமைகள். கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அப்துல் கபூர், பொத்துவிலார்தான், ஒரு காது மந்தம். சீனிமுகம்மதுவின் கண் முதலில் அவருடைய காலுக்குத்தான் போனது. பித்தம் வெடித்த கால்.

"கபூர் காக்கா, சப்பாத்துப் போட்ட பொடியன் ஒண்டு..."

"ஓ, வந்தாரே! பின்னால கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கார். மணிச்சத்தத்தில எனக்குக் கேக்கல்ல. பட்டியடியில திரும்பிப் பார்த்தா வேர்த்து விறுவிறுத்துப்போய் நிக்கிறார். இருத்தித் தயிர் குடுத்தன். எருமைக் கண்டைக் கட்டிப்போட்டு நானே கட்டுக்குக் கொண்டுவந்து விடுறன் எண்டு சொன்ன. மனிசன் பொழுதைப் பொழுதைப் பார்க்கிறார். இருட்டமுந்திப் போகணும், வழியைச் சொல்லுங்க எண்டு ஒரே கரைச்சல். குளத்தோரத்தால நேரே போ எண்டு சொன்ன. படிச்ச ஆளைக் கட்டியா வைக்கிற?"

"எப்ப?"

"இப்பத்தான். அரை மணித்தியாலம் இருக்காது."

"அவருக்குப் பொழுது பட்டாக் கண் தெரியாது, காக்கா!"

கபூர் காக்காவின் கையிலிருந்து கயிறு விழுந்தது. கன்று துள்ளிக்கொண்டு ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. "அதை ஏன் எனக்குச் சொல்லல்ல அந்த மனிசன்!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடத் தொடங்கினார்.

குளத்தோரப் பாதை என்றால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பன்புல்லும் தண்ணீரும். காட்டிலிருந்து இறங்கும் யானை அந்தப் பாதையைக் கடந்துதான் குளத்துக்குப் போகும். மூன்று பேரும் வேகமாக நடந்தார்கள். வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, மரத்துக்குக் கீழே போய்விட்டது. சீனிமுகம்மதுவுக்கு வழி தெரிந்தது, கல் தெரிந்தது, இலை தெரிந்தது. அந்த வெளிச்சம் றஸாக்குக்கு எவ்வளவு? ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு இரண்டையும் மூடி நாலு எட்டு வைத்துப் பார்த்தான். கால் ஒரு வேரில் இடறியது.

வளைவில் கனகரெத்தினம் அவனுடைய தோளைப் பிடித்து நிறுத்தினார். கையால் காட்டினார். பன்புல் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சேட்டு.

றஸாக் பாதையின் நடுவில் நின்றான். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன, சுவரைத் தேடுகிற மாதிரி. கண் அகலத் திறந்திருந்தது. அவனுக்கு முன்னால், இரண்டு வேன் நீளத் தூரத்தில், ஐந்து யானை. ஒன்று குட்டி. புல்லைப் பிடுங்கிக் காலில் அடித்து மண் உதறித் தின்றுகொண்டிருந்தன. அந்த அடிச்சத்தத்தை அவன் என்னவென்று நினைத்தானோ, தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு ஒரு எட்டு முன்னால் வைத்தான். அங்கே ஆள் இருக்கிறது என்று நம்பிவிட்டான்.

கூப்பிட்டால் தாய் யானை திரும்பும். கூப்பிடாவிட்டால் இவன் நடந்து போய்க் குட்டியில் முட்டுவான். ஓடிப்போய்த் தொட்டால் பயத்தில் அலறுவான். கபூர் காக்கா விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தார். அதுகள் பக்கமிருந்து இவர்கள் பக்கம் வந்தது. அது ஒன்றுதான் இவர்களுக்குச் சாதகம்.

சீனிமுகம்மது செருப்பைக் கழற்றிக் கனகரெத்தினத்திடம் கொடுத்தான். தடியைக் கீழே வைத்தான். வெறுங்காலோடு, ஒவ்வொரு அடியையும் மண்ணில் முதலில் வைத்துப் பார்த்துப் பிறகு ஊன்றி, போனான். றஸாக் இன்னொரு எட்டு வைத்தான். தாய் யானை தின்பதை நிறுத்தியது. காது விரிந்தது.

கை விரித்த அளவில் மூன்று பாகம் தூரம் இருக்கும்போது சீனிமுகம்மதுவின் வாயில் தானாக ஒன்று வந்தது. பக்கத்து வீட்டுக்குள் நுழைகிற குரலில், மெதுவாக:

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கல்முனைக்குடிப் பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு அலறத் தெரியாது. தொட்டில் முதல் பழகின பதில் அதே மெதுவான குரலில் வந்தது.

"வ அலைக்குமுஸ் ஸலாம்... ஆர்?"

"சீனிமுகம்மது. அசையாதீங்க. கதைக்காதீங்க. வாறன்."

கையை எட்டிப் பிடித்தான். பொடியனின் கை தண்ணீரில் போட்ட மாதிரிக் குளிர்ந்திருந்தது. அதைத் தன் சேட்டின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினான். திரும்பினான். தனக்குப் பின்னால் இருப்பதை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் கால் ஓடிவிடும் என்று தெரியும். நாற்பத்திரண்டு எட்டு வைத்ததாக அவன் பிறகு சொன்னான். இருபதாவது எட்டில் பின்னால் ஒரு மூச்சு ஊதியது. சேட்டு இழுபட்டது. "என்ன அது?" என்று மூச்சுக் காற்றாகக் கேட்டான் றஸாக்.

"எருமை" என்றான் சீனிமுகம்மது. "நடவுங்க."

வளைவுக்கு வந்ததும் கபூர் காக்கா பொடியனின் மற்றக் கையைப் பிடித்தார். கனகரெத்தினம் எட்டிப் பார்த்தார். தாய் யானை பாதையில் ஏறி நின்று, பொடியன் நின்ற இடத்தைத் தும்பிக்கையால் தடவிக்கொண்டிருந்தது.

காட்டுக்குள்ளால் சுற்றிக் குளக்கட்டில் ஏறினார்கள். ஏறும்போது றஸாக் காதோரம் சொன்னான்: "காக்கா, மாமாவுக்கு..."

"எனக்கு ஒண்டும் தெரியாது. மணிக்கூடு இரிக்கா?"

"இரிக்கி."

"அதைக் கழட்டி என்னிட்டத் தாங்க, குளத்துக்க எறிய."

பொடியன் சிரிக்கப் பார்த்தான், அழுகை வந்தது.

மீராசாஹிபு குடையை எங்கோ போட்டுவிட்டு வெறுந்தலையோடு நின்றார். ஜவுபர் ஓடிவந்து கூட்டாளியைக் கட்டிப்பிடித்துத் தோளில் இரண்டு குத்துக் குத்தினான். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆட்களின் முகம் எல்லாம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் மருமகன் ஒருவனுடைய சேட்டைப் பிடித்துக்கொண்டு வந்ததை மீராசாஹிபு பார்த்தார். வேன் வாசல் எங்கே என்று கையால் தடவியதைப் பார்த்தார். கந்தோரில் முப்பது வருடம் ஆட்களைப் பார்த்த மனிதர். ஜவுபர் தலையைக் குனிந்தான்.

பிறகு மீராசாஹிபு தொண்டையைச் செருமினார்.

"மஃரிபு தொழுகைக்கு நேரமாச்சு. ஆராவது மருமகனுக்குக் கையைக் குடுத்துக் கூட்டிவாங்க. எனக்கு நேர பின்னால நிக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "கண்ணுக்கு வைத்தியம் இரிக்கி. பொய்க்குத்தான் இல்ல. அதை ஊருக்குப் போய்க் கதைப்பம்" என்றார்.

குளக்கட்டில் பாயை விரித்தார்கள். கபூர் காக்காவும் வந்து நின்றார், அதே பித்தம் வெடித்த காலோடு. சீனிமுகம்மதுவுக்கு ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவன் வரவில்லை. கட்டின் ஓரத்தில் கனகரெத்தினம் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான். இன்றைக்கு முழுதும் எல்லாவற்றையும் கண்ட ஒரே ஆள் வரிசைக்கு வெளியே இருந்தவர்தான். இனி அந்த இடத்தில் ஒருவர் இல்லாமல் காட்டுக்குள் வரிசை கட்டக்கூடாது.

தன்னுடைய இருட்டில் முகத்தைத் திருப்பி, சத்தம் வந்த பக்கத்தைத் தேடி, றஸாக் கூப்பிட்டான். "காக்கா, நீங்க தொழ வரல்லயா?"

"நீங்க தொழுங்க தம்பி" என்றான் சீனிமுகம்மது. "நான் உங்கட காலைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."